பாதையில்லாத காட்டுச் சிகரம்: ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத் திட்டமிடுங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உச்சிவரை மரம் மூடிய ஒரு மலை. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 5 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். முதல் 2 கிலோமீட்டருக்குப் பழைய நடைபாதை இருக்கிறது, மீதி 3 கிலோமீட்டர் வெறும் காடு. நீங்களும், மலையேற்றத்துக்குப் புதியவரான ஒரு நண்பரும் காலை 9 மணிக்குக் கிளம்பி மதியம் 3 மணிக்குத் திரும்ப நினைக்கிறீர்கள். போனில் மேப் இறக்கி வைத்தாயிற்று. "உடம்பு தாங்கும், வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உடம்பு தாங்கும் என்பதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் விஷயம் வேறு. போன் காட்டும் நீலப் புள்ளியை நம்பி உள்ளே போனால், அதே நாளில் வெளிச்சம் இருக்கும்போதே வெளியே வந்துவிடலாமா என்பதுதான் அது. இப்போதுள்ள திட்டப்படி அது கஷ்டம். திட்டத்தை மாற்றினால் முடியும். காட்டில் வழி பார்ப்பதைக் கற்றுக்கொண்டு, பிறகு பல வருடங்களாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, சிறு குழுக்களை அழைத்துப் போய் வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் மலையை நான் பார்த்ததில்லை. அதனால் எந்த மலைக்கும் பொருந்துவது எது, அந்த இடத்தில் விசாரிக்க வேண்டியது எது என்பதையும் அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நேரம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் மலைக்கு இதைப் போட்டால் ஏற இரண்டரை மணி நேரம் வரும். நீங்கள் 6 மணி நேரத்தில் போய்வந்துவிடலாம் என்று நினைத்தது ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான். ஆனால் இது நல்ல பாதையில், திடமான ஆள், நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. பாதையில்லாத காட்டில் மேல்நோக்கி மணிக்கு 1 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். விழுந்த மரத்தைத் தாண்ட வேண்டும், தாண்ட முடியாவிட்டால் சுற்ற வேண்டும், சுற்றியபின் பழைய திசைக்கு வந்தோமா என்று பார்க்க வேண்டும். நெருக்கமாக வளர்ந்த இளமரக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் 200 மீட்டருக்கு அரை மணி நேரம் போவது சாதாரணம். ஆக, பாதைக்கு முக்கால் மணி, காட்டுக்கு மூன்றரை மணி முதல் நான்கு மணி வரை வைத்தால், ஏற மட்டுமே நாலரை மணி நேரம். பாதையில் இறக்கம் வேகமாக இருக்கும். காட்டில் அப்படி இல்லை. ஈர இலைக்கு அடியில் குழியா பாறையா என்று தெரியாது, வழி பார்க்க நின்று நின்றுதான் வர வேண்டும். அதற்கு மூன்றரை மணி. ஓய்வு, சாப்பாடு, தடுமாற்றம் எல்லாவற்றுக்கும் ஒரு மணி. மொத்தம் ஒன்பது மணி நேரம். 9 மணிக்குக் கிளம்பினால் மாலை 6 ஆகிவிடும். மரங்களுக்கு அடியில் இருட்டு வெளியைவிடச் சீக்கிரம் வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

இதில் காட்டு வேகம் என் அனுபவக் கணிப்பு மட்டுமே. பெரிய மரங்களும் திறந்த தரையுமாக இருந்தால் மணிக்கு 2 கிலோமீட்டர்கூடக் கிடைக்கும். முள்ளும் கொடியும் பின்னிக் கிடந்தால் அரைக் கிலோமீட்டர்தான். போவதற்கு முன் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அதனால் அங்கேயே அளந்துவிடுங்கள். பாதை முடிந்த இடத்திலிருந்து முதல் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அரை மணி ஆனால் கணக்கு சரி. முக்கால் மணி ஆனால் மீதியும் அப்படித்தான் போகும். அந்த இடத்திலேயே திட்டத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் காலை ஆறரைக்குக் கிளம்புவேன். எங்கே இருந்தாலும் சரி, உச்சி கண்ணுக்கு எதிரில் இருந்தாலும் சரி, 12 மணிக்குத் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுவேன். மலையில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்றுதான் தோன்றும்.

அடுத்தது இறக்கம். இந்த மாதிரி மலைகளில் வழி தவறுகிறவர்களில் பெரும்பாலோர் ஏறும்போது தவறுவதில்லை. காரணம் எளிமையானது. உங்கள் கையை விரித்து உள்ளங்கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள். விரல்கள்தான் மலையின் கிளை முகடுகள், புறங்கைதான் உச்சி. எந்த விரலில் தொடங்கி மேலே போனாலும் புறங்கைக்குத்தான் வந்து சேர்வீர்கள். கொஞ்சம் இடம் வலம் போனாலும் மலையே உங்களைத் திருத்திவிடும். இறங்கும்போது இது தலைகீழ். உச்சியில் இரண்டு முகடுகள் பிரியும் இடத்தில் இடைவெளி இருபது முப்பது மீட்டர்தான் இருக்கும். அங்கே தவறான பக்கம் இறங்கிவிட்டால், ஒரு மணி நேரம் கழித்து நீங்கள் இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு முழுப் பள்ளத்தாக்கு இருக்கும். ஏறும்போது எந்தச் சிரமமும் இல்லாததால் "வந்த வழி தெரியும்" என்ற நினைப்பும் கூடவே வரும். ஆனால் நீங்கள் பார்த்தது மேல்நோக்கிய காட்சி. அதே மரங்களும் பாறைகளும் மேலிருந்து பார்க்கும்போது முன்பின் தெரியாத ஆள் மாதிரி நிற்கும்.

இதற்கு என்ன செய்வது? ஏறும்போதே முகடுகள் சேரும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, திரும்பிப் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து, போன் மேப்பில் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது சேரும் அந்த இடம்தான் இறங்கும்போது பிரியும் இடம். வழி முழுக்க ஐந்தாறு இடம் தேறும், அவ்வளவுதான். உச்சியில் ஓய்வெடுத்துவிட்டுக் கிளம்பும்போது, பேச்சு சுவாரசியத்தில் நடக்க ஆரம்பிக்காமல், காம்பஸில் திசை வைத்துக்கொண்டு முதல் 200 மீட்டரை மட்டும் மிகக் கவனமாக இறங்குங்கள். மரம் மூடிய உச்சி பெரும்பாலும் தட்டையாக, இரண்டு மூன்று மேடுகளோடு இருக்கும். எது உயர்ந்த மேடு என்று தேடி அங்குமிங்கும் சுற்றியதில் வந்த பக்கம் எது என்பதே குழம்பிவிடும். அங்கே சுற்றுவதற்கு முன் பையில் இருக்கும் பளிச்சென்ற துணி எதையாவது வந்து சேர்ந்த மரத்தில் கட்டிவிட்டு, இறங்கும்போது அவிழ்த்துக்கொள்வது நல்ல பழக்கம். வழியெங்கும் ரிப்பன் கட்டிக்கொண்டே போகலாமா என்றால், வேண்டாம். பாதுகாக்கப்பட்ட காடுகள் பலவற்றில் அதற்குத் தடை உண்டு. யாரோ எப்போதோ விட்டுப்போன ரிப்பனைப் பின்தொடர்ந்து வேறெங்கோ போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

மேப் பற்றி ஒரு விஷயம். சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், 20 மீட்டர் உயர இடைவெளியில் போட்ட மேப் என்றால், 15 மீட்டர் உயரப் பாறைச் செங்குத்து இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமலே போய்விடலாம். மேப்பில் சரிவு மென்மையாகத் தெரியும், நேரில் கீழே கால் வைக்க இடம் இருக்காது. பழைய மேப்புகள் பல விமானப் படங்களை வைத்து வரைந்தவை; அடர்ந்த காட்டில் மரங்களின் தலை தெரியுமே தவிரத் தரை தெரியாது. லைடார் என்ற லேசர் அளவீட்டில் கதிர்கள் இலை இடுக்குகள் வழியாகத் தரையைத் தொட்டுவிடுவதால் அந்த மேப்புகள் எவ்வளவோ மேல். உங்கள் பகுதிக்கு லைடார் நிழல் மேப் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் பாறைச் செங்குத்துகள் வரிவரியாகத் தெரியும். கிடைக்காவிட்டால், கோடுகள் நெருங்கும் இடமெல்லாம் பாறை இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு வழி போடுங்கள். ஓடையோரத்தைவிட முகட்டின் மேல் நடப்பதுதான் பொதுவாக நல்லது. நடக்க எளிது, புதர் குறைவு, எங்கே இருக்கிறோம் என்பதும் தெளிவு.

இனி போன். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் பயன்படுத்துகிறேன். ஜிபிஎஸ்ஸுக்கு மொபைல் சிக்னல் தேவையில்லை, மேப் மட்டும் முன்னாலேயே இறங்கியிருக்க வேண்டும். திறந்த வானத்தில் நல்ல போன் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் தரும். அடர்ந்த, நனைந்த இலைக்கூரைக்கு அடியிலும், குறுகிய பள்ளத்திலும் செயற்கைக்கோள் சிக்னல் வலுவிழக்கும், பாறையில் பட்டுத் திரும்பி வரும். அப்போது புள்ளி சில பத்து மீட்டர்கள் தள்ளி நிற்கலாம். சமவெளியில் அது ஒன்றுமில்லை. முகடு பிரியும் இடத்தில் அதே முப்பது மீட்டர்தான் சரியான வழிக்கும் தவறான வழிக்கும் உள்ள தூரம். இன்னொன்று, புள்ளி நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதைச் சரியாகச் சொல்லாது. போனின் திசை அம்பு, காந்தம் வைத்த உறையிலேயே தடுமாறிவிடும். நிற்கும்போது அம்பை நம்பாதீர்கள், கொஞ்ச தூரம் நடந்து புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். பேட்டரியைப் பொறுத்தவரை, சிக்னல் இல்லாத இடத்தில் டவரைத் தேடித் தேடியே போன் சார்ஜை இழக்கும். விமானப் பயன்முறையில் போடுங்கள். பெரும்பாலான போன்களில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வீட்டிலேயே சோதித்துவிடலாம். குளிரில் பேட்டரி சட்டென்று படுத்துவிடும் என்பதால் உடம்பை ஒட்டிய பையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளை பட்டுப் போன் நழுவி விழுவது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது, ஒரு கயிறு போட்டுவிடுங்கள்.

அதோடு காகித மேப்பும் சாதாரணக் காம்பஸும் வேண்டும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கவும் வேண்டும். காம்பஸ் காட்டும் வடக்கும் மேப்பின் வடக்கும் ஒன்றல்ல. வித்தியாசம் சில நாடுகளில் கிட்டத்தட்ட இல்லை, சில இடங்களில் 15 டிகிரிக்கும் மேல், வருடங்கள் போகப்போக மாறவும் செய்யும். 1 டிகிரி தவறினால் 1 கிலோமீட்டரில் 17 மீட்டர் விலகுவீர்கள். 10 டிகிரி தவறினால் 170 மீட்டருக்கும் மேல். பாதையின் முனை போன்ற சின்ன இலக்கை நேராகக் குறிவைத்து வராதீர்கள். வேண்டுமென்றே ஒரு பக்கமாக, உதாரணமாக வலப்பக்கம் தள்ளி, அந்த முனையை ஒட்டிக் குறுக்கே ஓடும் ஓடையைக் குறிவைத்து இறங்குங்கள். ஓடை வந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் சந்தேகமே இருக்காது. நேராகக் குறிவைத்துத் தவறவிட்டால் இடமா வலமா என்றே தெரியாமல் நிற்க வேண்டும். கையில் உயரமானி உள்ள வாட்ச் இருந்தால் இன்னும் நல்லது. முகட்டில் இருப்பது உறுதி, உயரமும் தெரியும் என்றால் மேப்பில் ஒரே ஒரு இடம்தான் பொருந்தும். ஆனால் அது காற்றழுத்தத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மாறினால் சுமார் 8 மீட்டர் தவறும். வானிலை மாறும் நாளில் தெரிந்த இடம் வரும்போதெல்லாம் சரிசெய்துகொள்ளுங்கள்.

கருவி எல்லாம் எதற்கு, நேராக நடந்தால் போதாதா என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஜெர்மனியின் டூபிங்கன் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களைக் காட்டுக்குள்ளும் துனிசியப் பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தார்கள். காட்டில் மேகம் மூடிய நாட்களில் நடந்தவர்கள் வட்டமடித்து, தாங்கள் நடந்த தடத்தையே தெரியாமல் குறுக்கிட்டார்கள். கண்ணைக் கட்டியபோது 20 மீட்டர் விட்டமுள்ள வட்டங்கள்கூட வந்தன. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று சொல்லப்படும் பழைய காரணம் அதில் நிற்கவில்லை. திசை உணர்வில் சேரும் சின்னச் சின்னத் தவறுகள்தான் காரணம் என்றார்கள். ஆகவே உள்ளுணர்வை நம்பி நடப்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏமாற்றம்தான். பாசி மரத்தின் வடபக்கம் வளரும் என்பதையும் விட்டுவிடுங்கள். ஈரக் காட்டில் அது நாலா பக்கமும் வளரும்.

வழி தவறியது தெரிந்தால் நிற்பதுதான் முதல் வேலை. உட்கார்ந்து தண்ணீர் குடித்து, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அதன்பின் எத்தனை நிமிடம் நடந்தோம் என்று பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் என்றால் வந்த தடத்திலேயே மேலே ஏறித் திரும்புங்கள். மேலே ஏற மனம் வராது, ஆனால் அதுதான் மலிவான வழி. இருட்டிவிட்டாலோ, தடமே தெரியாவிட்டாலோ அங்கேயே இருங்கள். 2013-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், அப்பலாச்சியன் நெடும்பாதையில் தனியாக நடந்த ஒரு பெண், சிறுநீர் கழிக்கப் பாதையைவிட்டுக் கொஞ்சம் உள்ளே போனவர் திரும்ப வழி தெரியாமல் தொலைந்துபோனார். சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறினார், அனுப்பிய குறுஞ்செய்திகள் ஒன்றும் போகவில்லை. பெரிய தேடுதல் நடந்தும் இரண்டு வருடம் கழித்து உடல்தான் கிடைத்தது. நல்ல பாதையிலேயே இப்படி நடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

"தொலைந்தால் தண்ணீரைப் பின்பற்றிக் கீழே போ" என்று பலரும் சொல்வார்கள். இதில் எனக்கும் சிலருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. சமவெளிக் காட்டில் அது வேலை செய்யலாம். செங்குத்தான மலையில் ஓடை அருவியில் போய் முடியலாம், பாறை வழுக்கும், புதர் அங்கேதான் அடர்த்தி, தண்ணீர் சத்தத்தில் உங்கள் விசிலும் தேடுபவர்களின் குரலும் கேட்காது. உங்கள் மாதிரி மலையில் நான் அதைச் செய்ய மாட்டேன்.

எடுத்துப்போக வேண்டியவை பற்றி எங்கும் படிக்கலாம், அதனால் காட்டுக்கென்று உள்ளதை மட்டும் சொல்கிறேன். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பவர் இல்லாத சாதாரணக் கண்ணாடிகூடப் போதும். காய்ந்த குச்சி கண்ணில் குத்துவதுதான் இந்த நடையின் வழக்கமான காயம். முழுக்கைச் சட்டை, கையுறை. பைக்கு வெளியே எதையும் தொங்கவிடாதீர்கள், காடு பிடுங்கிக்கொள்ளும். முன்னால் போகிறவர் விடும் கிளை பின்னால் வருபவர் முகத்தில் அடிக்கும், நாலைந்து அடி விட்டு நடங்கள், ஆனால் கண் பார்வைக்குள் இருங்கள். மழை நின்றபின்பும் நனைந்த புதருக்குள் நடந்தால் மழையில் நின்றதுபோல் நனைவீர்கள். மேலே போகப்போக 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். நனைந்த பருத்தித் துணியோடு காற்றில் நின்றால், உறைபனி இல்லாத குளிரிலேயே உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே பருத்தி வேண்டாம், மழைச் சட்டையும் காய்ந்த ஒரு கதகதப்பான உடையும் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். ஆளுக்கொரு தலைவிளக்கு, ஆளுக்கொரு விசில். ஆல்ப்ஸ் மலையில் வழக்கமான அபாயக் குறி நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. வட அமெரிக்காவில் மூன்று முறை. எதுவானாலும் சீராகத் திரும்பத் திரும்ப ஊதுவதுதான் முக்கியம். செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் கருவியோ போனோ இருந்தால் நல்லது, ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். வழியில் மரம் விழுந்து வானம் தெரியும் இடங்களையும் மேப்பில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் அங்கேதான் போக வேண்டியிருக்கும்.

விலங்குகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இதற்குப் பொதுப்பதில் சொல்வது ஆபத்து. ஒரு விலங்குக்குச் சத்தம் போட்டுக்கொண்டு நடப்பது நல்லது, இன்னொன்றுக்கு அது பொருந்தாது. அந்தப் பகுதி வன அலுவலகத்தில் கேளுங்கள். அனுமதி தேவையா, அந்த மாதம் வேட்டைக் காலமா, சமீபத்தில் புயலில் மரம் விழுந்திருக்கிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். மரம் விழுந்த தகவல்தான் உங்கள் நேரக் கணக்கை அதிகம் மாற்றும்.

நண்பருக்கு இதுதான் முதல் காட்டு நடை என்றால், இந்த முறை உச்சியை விட்டுவிடுங்கள். பாதை முடியும் இடத்திலிருந்து முதல் முகடு சேரும் இடம்வரை ஏறி, போனைப் பைக்குள் வைத்துவிட்டு காம்பஸை மட்டும் வைத்து இறங்கி, பாதையின் முனையை எவ்வளவு தள்ளி வந்து தொடுகிறீர்கள் என்று பாருங்கள். ஐம்பது மீட்டருக்குள் என்றால் அடுத்த முறை உச்சிக்குப் போகலாம். அன்றைக்கும் சரி, அடுத்த முறையும் சரி, எந்த முகட்டில் ஏறுகிறீர்கள், வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்தை இருட்டியபின் இரண்டு மணி நேரம் கழித்து வையுங்கள். தாமதமாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுவார்கள், அனாவசியமாகத் தேடுதல் தொடங்காது.